சிவப்பு முத்திரை

“அதை எழுத்துல குடுங்க சார்.”

சொன்ன பிறகுதான் ஏ.சி.யின் இரைச்சல் எனக்குக் கேட்டது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த மேனேஜரின் கை அப்படியே நின்றுவிட்டது. இதை மட்டும் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். நான்கு மாதங்களுக்கு முன், இந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் அலுவலகத்தில் நான் சேர்ந்த அன்று காலை, என் பையின் அறுந்த வாருக்கு ஊக்கு குத்திவிட்டபடியே சொன்னாள். “மேல இருக்கறவங்க சொன்னா தலைய ஆட்டுடி. எழுதிக் குடுங்கன்னு மட்டும் கேட்டுறாத. நம்பலன்னு நெனச்சுக்குவாங்க.” எங்கள் வீட்டுக்கு அதுவரை வந்த காகிதங்களெல்லாம் எதையாவது பிடுங்கிக்கொண்டு போகத்தான் வந்தன. அவற்றை வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்.

அம்மா இதே தொழிற்சாலையில், கீழ்த்தளத்தில், பதினைந்து வருடமாகப் பெட்டி மடிக்கிறாள். மேல்தளத்தில் லீவுச் சீட்டுகளைச் சரிபார்ப்பது என் வேலை. உடம்பு சரியில்லை என்று ஒருநாள் வராதவர்கள் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் சிவப்பு முத்திரை வாங்கிவர வேண்டும். அது இல்லாத சீட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, பெயருக்கு நேரே ஒரு குறி போடுவேன். மூன்று குறி விழுந்தால் வேலை போய்விடும். அம்மாவின் பெயரில் ஏற்கெனவே இரண்டு இருந்தன. இரண்டாவதைப் போட்டது நான்தான்.

போன மாதம் அவளுக்குக் காது வலி வந்தபோது விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் அவசரப் பிரிவுக்குப் போனேன். அங்கேதான் எல்லாவற்றையும் பார்த்தேன். நீளமான நடைக்கூடத்தின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் எங்கள் தொழிற்சாலையின் பச்சை ஏப்ரன் போட்டவர்கள் மட்டும் பதினோரு பேர். சளி, இருமல், வயிற்றுப்போக்கு, சுளுக்கு. அம்மாவோடு வேலை செய்யும் ரேடியோ அக்கா, வாயை மூடவே மாட்டாள் என்பதால் வந்த பெயர், எங்களுக்குப் பாடம் எடுத்தாள். “காது வலின்னு சொன்னா கடைசி நாற்காலிதான். நெஞ்சு வலின்னு சொல்லு, நேரா உள்ள. நான் இதோட நாலாவது தடவ. ஒருநாள் அந்த டாக்டரே, உனக்கு நெஞ்சே இல்லம்மான்னு சொல்லப்போறாரு பாரு.” சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அவள் மார்பில் வயர்களை ஒட்டிப் படுக்க வைத்திருந்த நேரம் முழுவதும், நிஜமாகவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வெளியே ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். அவருடைய மகன் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தான்.

ஆறு மணி நேரம் கழித்து எங்களைக் கூப்பிட்டார்கள். என் வயதுதான் இருக்கும் அந்த டாக்டருக்கு. தூங்கிப் பல நாளான முகம். “உயிருக்குப் போராடறவங்க வர்ற எடம்மா இது. காது வலிக்கு இங்க வர்றீங்களே, கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா?” என்றாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். “சீல் மட்டும் போட்டுக் குடுங்கம்மா, போயிடறேன்.” இரண்டு வலி மாத்திரையும் சிவப்பு முத்திரையும் கிடைத்தன. காதுக்குள் யாரும் பார்க்கவில்லை.

அந்த டாக்டர் மீது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அது தேய்ந்து, வேறு ஒருத்தி மீது திரும்பிவிட்டது. அந்தப் பதினோரு பேரையும் அங்கே அனுப்பியது யார்? முத்திரை இல்லாத சீட்டுகளைத் தினமும் திருப்பியது என் கைதானே?

மறுநாள் அலுவலக அலமாரியைக் குடைந்து விதிப்புத்தகத்தை எடுத்தேன். ‘மருத்துவர் கையெழுத்திட்ட சான்று.’ அவ்வளவுதான். முத்திரையைப் பற்றியோ அவசரப் பிரிவைப் பற்றியோ ஒரு சொல் கிடையாது. பழைய கிளார்க்கிடம் கேட்டேன். “எப்பவோ ஒருத்தன் போலிச் சீட்டு குடுத்துட்டாம்மா. அப்ப இருந்த மேனேஜர் கடுப்புல வாயால சொன்னது. அப்படியே ஒட்டிக்கிச்சு” என்றார்.

நேற்று அம்மாவுக்கு மறுபடியும் காது வலி. தொழிற்சாலைக்குப் பின் தெருவில் இருக்கும் சின்ன கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். “அங்க சீல் இல்லையேடி” என்று பயந்தாள். “நான் இருக்கேன்மா” என்றேன். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, சீழைச் சுத்தம் செய்து, சொட்டு மருந்து எழுதி, பஞ்சு வைத்து அனுப்பினார். “ஃபேக்டரிக்காரங்க யாருமே இங்க வர்றதில்லையே, ஏன்?” என்று கேட்டாராம்.

அந்தக் கிளினிக் சீட்டுதான் இப்போது மேசையில் கிடந்தது. செல்லாது, உங்கம்மாவாவே இருந்தாலும் மூணாவது குறியப் போடுங்க என்று மேனேஜர் சொன்னதற்குத்தான் நான் எழுத்தில் கேட்டேன்.

“யார்கிட்ட பேசறேன்னு தெரியுதா?”

“தெரியும் சார். கிளினிக் சீட்டு செல்லாதுன்னு ஒரு வரி. கீழ உங்க கையெழுத்து. அது போதும்.” வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினேன்.

“நாலெழுத்து படிச்சுட்டா தலைகால் புரியாதே உங்களுக்கெல்லாம்.” பேனாவின் மூடியைத் திறந்தார். தாளைப் பார்த்தார். மூடினார். “இதெல்லாம் எழுதறது கிடையாதும்மா. நடைமுறை.”

“எழுத முடியாதத நான் எப்படி சார் பதிவேட்டுல எழுதறது?”

“ஒனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. ஞாபகம் இருக்கட்டும். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் தலைதான் உருளும்.”

“சரி சார்.”

சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பதிவேட்டில் அம்மாவின் பெயருக்கு நேரே ‘சான்று பெறப்பட்டது’ என்று காலையிலேயே எழுதியாகிவிட்டது. என் மேசை இழுப்பறையில் திருப்பி அனுப்பக் கிடந்த இன்னும் நான்கு சீட்டுகளுக்கும் சேர்த்துத்தான். விதிப்புத்தகத்தின் அந்த ஒற்றை வரியை நேற்றே பெரிய எழுத்தில் டைப் செய்து, கீழே என் கையெழுத்தைப் போட்டு வைத்திருந்தேன். அதையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

கீழே ரேடியோ அக்கா இருமிக்கொண்டு நின்றிருந்தாள். “கண்ணு, இன்னைக்கு நெஞ்சு வலியா, மயக்கமா? எதச் சொன்னா சீக்கிரம் விடுவாங்க?”

“இருமல்னே சொல்லுங்கக்கா. பின்னாடி தெரு கிளினிக். இருபது நிமிஷம்.”

அவள் இருமலை அடக்கிக்கொண்டு பின் தெருப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

அம்மா காதில் பஞ்சோடு மடிப்பு மேசையிலிருந்து ஓடிவந்தாள். என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது. “எழுதிக் குடுங்கன்னு கேட்டுட்டியா?”

“கேட்டேன். குடுக்கல. அதான் நானே எழுதிட்டேன்.”

வாசலில் இருந்த அறிவிப்புப் பலகைக்கு நடந்தேன். நான்கு மூலைக்கு நான்கு குண்டூசி வேண்டும். பலகையில் மூன்றுதான் இருந்தன. அம்மா பின்னாலேயே வந்தாள். காகிதத்தை எழுத்து எழுத்தாகப் பார்த்தாள், என்னவோ வாசிக்கிற மாதிரி. பிறகு ஏப்ரன் தோளில் குத்தியிருந்த ஊக்கை அவிழ்க்க ஆரம்பித்தாள்.