பதினெட்டு டிகிரி

என் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவள் செய்த பேட்டரி இன்னும் ஓடுகிறது.

ஃப்ளோ பேட்டரி என்பார்கள். இரண்டு தொட்டிகளில் திரவம், இரண்டு பம்ப், நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புத் துணி போல ஒரு மின்முனை. தலைமுடியைவிட மெல்லிய கார்பன் இழைகளால் ஆனது. திரவம் அதற்குள் புகுந்து ஓடும்போது மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும், பிறகு திருப்பிக் கொடுக்கும். அது ஒரு சுற்று. மற்றவர்கள் செய்தவை முந்நூறு சுற்றில் படுத்துவிட்டன. அவளுடையது இரண்டாயிரத்து நானூற்றைத் தாண்டிவிட்டது.

அவள் காய்ச்சல் என்று படுத்தாள். ஐந்தாம் நாள் இல்லை. இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடம். சோதனை அறையில் சுற்றுகளைக் குறிப்பது என் வேலை. குறிக்கிறேன்.

மாமியார் ஞாயிறுதோறும் போன் செய்வார். "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" என்பார். அப்புறம், "அவ செஞ்சது ஓடுதா?"

"ஓடுது அத்தை."

வேறு பேச்சு கிடையாது.

ஓடியது போதும், மின்முனையை அறுத்துப் பார்க்கலாம் என்றார் ஆய்வுக்கூட இயக்குநர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பதினெட்டு. கட்டடம் முழுக்க ஏசி பதினெட்டில் இருக்க வேண்டும், அணைத்தால் நடவடிக்கை என்று அறைக்கு அறை ஆர்டர் ஒட்டியிருக்கிறார். அவர் மட்டும் கோட்டு போட்டிருப்பார்.

அறுக்கக் காரணம் இருந்தது. அவளுடைய நோட்டை எழுத்துக்கு எழுத்து பின்பற்றி ஏழு முறை இழை நூற்றுப் பார்த்துவிட்டார்கள். கார்பனாக்கச் சுடும் உலையிலிருந்து ஏழும் சருகாக வந்தன. குழு கூடியது. ஐந்து பேர், ஐந்து டாக்டர் பட்டம். நூற்கும் இயந்திரத்தைத் தொட்டவர் ஒருவருமில்லை. ஒருவர் ஊசியை மாற்றச் சொன்னார். இன்னொருவர் உருளையை எதிர்ப்பக்கம் சுற்றச் சொன்னார். மூத்தவர் பெருமூச்சு விட்டார்.

"சில பேருக்குக் கைராசிங்க. நாம என்ன பண்றது?"

கூட்டக் குறிப்பில் அது 'செய்பவர் சார்ந்த காரணி' என்று ஏறியது. புதன்கிழமை அறுத்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைப்பதாகத் தீர்மானம். எதற்கும் ஒருமுறை நோட்டை வாசித்துவிடலாம் என்று யாரோ வாசித்தார்.

"அறை வெப்பநிலை, பதினெட்டு."

சுற்றுக் கணக்குக் கொடுக்க வந்து மூலையில் நின்ற எனக்குச் சிரிப்பு வந்தது. இருமி மறைத்தேன்.

அவளுக்குக் குளிர் ஆகாது. இயக்குநரின் கார் வாசலைத் தாண்டியதும் ஏசியை அணைத்துவிடுவாள். ஆர்டருக்குப் பயந்து நோட்டில் பதினெட்டு என்று எழுதுவாள். அணைத்த அறையில் ஈரம் ஏறும். ஈரத்தில் நூற்ற இழையில் நுண்துளைகள் விழும். அதில்தான் சூட்சுமம். பக்கத்து அறையில் இருந்தும் இத்தனை நாள் எனக்கு உறைக்கவில்லை.

சொன்னால் அறுக்க வேண்டியதில்லை. இயக்குநர் அறைக்குக் கிளம்பினேன். மாடிப்படியில் ஸ்டோர்ஸ் அக்கா மறித்தார்.

"எங்கடா போற, மூஞ்சியை இப்படி வச்சுக்கிட்டு?"

சொன்னேன்.

"லூசாடா நீ? பொய் எழுதினான்னு அவ பேரையே அடிச்சிடுவாங்க. பேட்டரி ரிப்போர்ட்ல முதல் பேரு அவளோடது."

"புதன்கிழமை அறுத்துடுவாங்க அக்கா."

அக்கா வழிவிட்டார்.

"சார், அதைச் செஞ்ச அன்னைக்கு ஏசி ஓடலை."

"யார் அணைச்சது?" என்றார் இயக்குநர்.

"என் மனைவி."

"ஆர்டர் ஒட்டியிருக்கேனே, பார்க்கலையா?"

"பார்த்துட்டுத்தான் சார் பதினெட்டுன்னு எழுதினா."

கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "அப்போ அந்த டேட்டா செல்லாது."

"ஆனா ஓடுது சார்."

"ஓடுறது வேற, செல்லுறது வேற. அவங்ககிட்ட விளக்கம் கேட்டு மெமோ போடணும்."

"அவ இல்ல சார்."

"அதைத்தான் யோசிக்கிறேன்."

மெமோ என் பெயருக்கு வந்தது. 'கணவர் மற்றும் வாரிசு' என்று போட்டு, ஏழு நாள் கெடு கொடுத்திருந்தார்கள். விதி மீறப்பட்டது உண்மை என்று அன்றே எழுதிக் கையெழுத்திட்டேன். அவள் பெயரை அடித்தார்கள். செல்லாத மாதிரியை நுண்ணோக்கிக்கு அனுப்பக்கூடாது என்பதும் இயக்குநர் போட்ட ஆர்டர்தான். அறுப்பது நின்றது. பேட்டரியை நிறுத்தவும் வழியில்லை. நிறுத்து என்று எழுதினால், செல்லாத ஒன்று ஓடுகிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்படி எழுதிக் கையெழுத்துப் போட யாரும் துணியவில்லை.

அடுத்த வாரம் இயக்குநர் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். மேசையில் புது ரிப்போர்ட்டின் முதல் பக்கம் கிடந்தது. அதில் ஒரே பெயர், அவருடையது.

"சும்மா ஒரு ஆர்வத்துலதான் கேக்குறேன். ஏசியை அணைச்சு எவ்வளவு நேரம் கழிச்சு மெஷினைப் போடுவாங்க?"

"நாப்பது நிமிஷம் சார். விரல் விறைப்பு போகட்டும்னு உக்காந்திருப்பா."

நாற்பது என்று எழுதிக்கொண்டார்.

கீழே வந்தேன். இடப்பக்கத் தொட்டியில் திரவம் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. ஊற்றினேன்.