குத்தூசி பட்ட மூட்டை

நடவு வயலில் இறங்குமுன் ஆளுக்கொரு வெற்றிலையும் ஒரு கிள்ளு புகையிலையும் செவ்வந்தியின் கையால் வாங்கி அடக்கிக்கொள்வது அவள் குழுவின் வழக்கம். அடக்கிக்கொண்டு குனிந்தால் மதியம் வரை பசி தெரியாது. இடுப்பு வலியும் அவ்வளவாக உறைக்காது. பங்கு வைக்கிறவள் வாய்க்குக் கொஞ்சம் கூடுதலாகவே போகும்.

அந்தச் செவ்வந்தி இப்போது கூத்தாநல்லூரில், பல் டாக்டர் சபிஹாவின் சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்தாள். கடைவாய்ப் பல்லில் வலி. துணைக்கு வந்த நாத்தனார் சுந்தரி, அவளும் அதே நடவுக் குழுதான், சுவரோரம் நின்றாள்.

"பல்லுல கேரீஸ். சொத்தைன்னு சொல்றோமே, அதுதான். அடைச்சிடலாம்" என்ற டாக்டர், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார். "புகையிலைய எந்தப் பக்கம் அடக்குவீங்க?"

"அந்தப் பக்கந்தாங்க."

"அங்க வெள்ளையா தடிச்சிருக்கு. தேச்சாலும் போகல. லூக்கோபிளேக்கியான்னு பேரு."

"பேரு பெருசா இருக்கே டாக்டரம்மா."

"வெள்ளைத் தடிப்புன்னு அர்த்தம், அவ்வளவுதான். ஆனா சிலருக்கு இது பின்னால புற்றுநோயா மாறலாம். பயாப்ஸி பண்ணிப் பாத்துடணும்."

சுந்தரி சட்டென்று முன்னால் வந்தாள். "எழுந்திரிங்க அண்ணி. எங்க மாமனாருக்கும் இதத்தான் பண்ணுனாங்க. தையில எடுத்தாங்க, மனுசன் சித்திரையப் பாக்கல. கத்தி பட்டா பரவிடும்."

செவ்வந்தி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலைக்கூடத் தரையில் வைத்துவிட்டாள். ஆனால் என்னவென்றே தெரியாத ஒன்றுக்குப் பயந்து ஓடுவது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"பயாப்ஸின்னா என்ன செய்வீங்க? அத மொதல்ல சொல்லுங்க."

"ஊசி போட்டு அந்த இடத்த மரத்துப்போக வச்சிடுவேன். உளுந்தளவு சதைய எடுத்து, ஒரு தையல் போடுவேன். எடுத்தத லேப்புல மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாப்பாங்க."

செவ்வந்தி யோசித்தாள். "கொள்முதல் நிலையத்துல மூட்டையில குத்தூசிய விட்டு நெல்லு எடுத்துப் பாப்பாங்களே, அது மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"கேட்டியா சுந்தரி? குத்தூசி குத்துனதாலயா நெல்லு பதராவுது?"

"அப்ப எங்க மாமனாரு?"

"அவருக்கு உள்ள ஏற்கெனவே முத்தியிருக்கும்மா" என்றார் டாக்டர். "முன்னாடியே வந்து பாத்திருக்கணும்."

செவ்வந்தி காலை மறுபடி நாற்காலியின் மேல் தூக்கி வைத்தாள். "நீ வெளிய உக்காருடி. நீ பயப்படறதப் பாத்தா எனக்கும் பயமா வருது."

அடுத்த வாரம் ரிப்போர்ட் வந்தது. "புற்றுநோய் இல்ல. மைல்டு டிஸ்பிளேசியா" என்றார் டாக்டர். "செல்லெல்லாம் கொஞ்சம் தாறுமாறா வளர ஆரம்பிச்சிருக்கு."

"களை தலைகாட்டியிருக்கு. இன்னும் பூக்கல. அப்படித்தானே?"

"விட்டா பூத்துடும்" என்றார் டாக்டர், சிரிக்காமல். "புகையிலைய இன்னியோட விடணும். வரச் சொல்ற அன்னிக்கெல்லாம் வந்து வாயக் காட்டணும்."

மறுநாள் நன்னிலத்துப் பக்கம் ஒரு வயல். வரப்பில் வெற்றிலை வந்தது, பாக்கு வந்தது. நீட்டிய கைகள் நீட்டியபடியே இருந்தன.

"மீதி எங்க?" என்றாள் குழுவில் இளையவளான ஜீவிதா. "டாக்டரம்மா வீட்டுல மறந்து வச்சிட்டு வந்துட்டீங்களா?"

"இனிமே என் கையால அது கெடையாது." செவ்வந்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பார்த்ததையும் கேட்டதையும் அந்தப் பெரிய பெயர்களோடு ஒன்றுவிடாமல் சொன்னாள். "வெள்ளையா இருக்கறதெல்லாம் புத்து இல்லடி. ஆனா தேச்சும் போகலன்னா கொண்டுபோய்க் காட்டணும். காட்டாம இருக்கறதுதான் ஆபத்து."

ஜீவிதா நாற்றுமுடியைப் பிரிக்கப் போய்விட்டாள். சுந்தரி மட்டும் முந்தானை நுனியை விரலில் சுற்றி, இடது கன்னத்தின் உள்ளே தேய்த்தாள். எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி தேய்த்தாள்.

"அண்ணி, சாயங்காலம் கூத்தாநல்லூருக்கு பஸ்சு இருக்கா?"

"இருக்கு. நட்டு முடிச்சிட்டுப் போவோம்" என்று செவ்வந்தி சேற்றில் இறங்கினாள். "நான் பக்கத்துலயே நிக்கிறேன். உன்ன மாதிரி எழுந்திரி எழுந்திரின்னு கத்த மாட்டேன்."