நேர்ந்துவிட்ட நாக்கு

பட்டணத்தில் குண்டு விழும் என்று சனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறி எங்கள் திருத்தணிப் பக்கம் வந்து குவிந்த வருஷம் அது. என் மகள் கோமளவல்லிக்கு ஆறு வயது. ஒரு வார்த்தை பேசமாட்டாள். காது நன்றாகக் கேட்கும், கூப்பிட்டால் திரும்புவாள். வசம்பு உரைத்து நாக்கில் தடவாத நாளில்லை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று பக்கத்துக் கழனிக்காரிகள் என் காதுபடவே சொல்வார்கள். இவர்கள் வாய் மட்டும் ஊரை வாழவைத்துவிட்டதாக்கும்.

எனக்கு வைத்தியம் தெரியாது, கழனி வேலைதான் தெரியும். என் வீட்டுக்காரர் கஜபதி ஏற்றம் மிதிப்பார். கொழுந்தன் கிணற்றிலிருந்து மேலே வரும் சால் வாளியைப் பிடித்துக் கவிழ்ப்பான். நான் கீழே மடை திருப்புவேன். பாத்தி நிரம்பியதும் "போதும்" என்று குரல் கொடுத்தால் அவர் நிறுத்துவார். அடுத்த மடையைத் திறந்துவிட்டு "வுடு" என்றால் மறுபடி இறைப்பார். அந்த "போதும்" என்ற ஒரு சொல்லை மகளுக்கென்று விட்டுவைத்தேன். பாத்தி நிரம்பும், நான் வாயைத் திறக்கமாட்டேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். தண்ணீர் வரப்பைத் தாண்டும், கேழ்வரகுப் பயிர் சாயும். மேலேயிருந்து அவர் ஏசுவார். ஏசட்டுமே, தண்ணீரா பெரிது, பிள்ளையா?

சித்திரை முழுக்க அப்படியே போயிற்று. வைகாசியில் ஒருநாள், வரப்பு உடையப்போகிற நேரத்தில், "போ" என்றாள். நான் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்புறம் முழுச் சொல்லும் வந்தது. "நைனா, வுடு" வந்தது. நான் ஒன்று சொன்னால் அவள் ஒன்று கேட்கத் தொடங்கினாள். காக்கா எங்கே போகிறது, மாடு ஏன் அசைபோடுகிறது என்று ஓயாத கேள்வி. சும்மா சொல்லக்கூடாது, அவரும் சளைக்காமல் பதில் சொன்னார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் விஷயத்தை உடைத்தார். பிள்ளை பேசினால் ஆடிக் கிருத்திகைக்கு அவள் நாக்கில் வெள்ளி அலகு குத்துவதாக முருகனுக்கு நேர்ந்துகொண்டிருந்தாராம். என் நாக்கில் குத்துங்கள் என்று காலில் விழுந்தேன். யார் பேரில் நேர்ந்ததோ அவர்தான் செலுத்த வேண்டும், தவறினால் கொடுத்த பேச்சைச் சாமி திரும்ப வாங்கிக்கொள்ளும் என்றார். அந்தப் பயம் எனக்கு மட்டும் இல்லையா என்ன? அடங்கிப்போனேன்.

கிருத்திகையன்று மலையடிவாரத்துக் குளத்தில் முழுக்காட்டி, மஞ்சள் துணி கட்டி உட்காரவைத்தோம். பம்பைச் சத்தம் காதைப் பிளந்தது. அலகு குத்துகிறவர் விரலில் விபூதியைத் தொட்டுக்கொண்டு நாக்கை நீட்டச் சொன்னார். பிள்ளை ஊசியைப் பார்த்தாள், அப்பனைப் பார்த்தாள்.

"எதுக்கு நைனா?"

"நீ பேசினியே கண்ணு, அதுக்குத்தான்."

அன்பாகத்தான் சொன்னார்.

புண் சீக்கிரமே ஆறிவிட்டது. பேச்சு திரும்பவில்லை. நாக்கில் ஒரு குறையும் இல்லை, காரக்குழம்பு ஊற்றிச் சாப்பிடுவாள். ஏதாவது கேட்டால் மட்டும் உதட்டை உள்ளே மடித்துக்கொள்வாள். பேசினதற்குத்தான் குத்து என்று பெற்ற அப்பனே சொன்ன பிறகு எந்தப் பிள்ளை பேசும்?

தை மாதம் மறுபடி மடையில் நின்றோம். பாத்தி நிரம்பியது. பழையபடி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். தண்ணீர் வரப்பைத் தாண்டி ஓடியது. இந்தத் தடவை அவர் ஏசவில்லை. ஏற்றத்திலிருந்து இறங்கி வந்து, மலைப்பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"முருகா, எம்பொண்ணு மறுபடி பேசட்டும். வர்ற ஆடிக்கு அவ நாக்குல..."

சேற்றுக் கையாலேயே அவர் வாயைப் பொத்தினேன்.

கோமளம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் வாயையும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.