பழைய வருடத்தின் உயில்

ஈக்வடாரில், எங்கள் குவாயகில் நகரத்தில், டிசம்பர் முப்பத்தொன்று அன்று வாசலுக்கு வாசல் ஒரு பொம்மை உட்கார்ந்திருக்கும். கிழிந்த சட்டைக்குள் மரத்தூளை அடைத்து, முகமூடி மாட்டி, அதற்குப் பழைய வருடம் என்று பெயர் வைத்து நள்ளிரவில் கொளுத்துவோம். அதற்கு முன்னால், சாகப்போகிற வருடம் எழுதிவைத்த உயிலை ஒருவர் வாசிக்க வேண்டும். மாமியாருக்கு என் பல்செட்டு, பக்கத்து வீட்டுக்காரனுக்கு என் குறட்டை என்று வாய்க்கு வந்த கேலிதான்.

இந்த முறை உயில் எழுதும் வேலையை என் தம்பி ரோமுலோவிடம் கொடுத்தேன். மார்ச்சில் அவன் மனைவி டெல்ஃபினா இறந்துபோனாள். அதிலிருந்து அவன் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. பண்டிகை நாளில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. “ஊரே சிரிக்குது, நீ மட்டும் ஏன்டா உம்முனு இருக்க? எங்க சந்தோஷத்தையும் சேத்துக் கெடுக்காத” என்று அவனை விரட்டினேன். அப்படித்தான் சொன்னேன், அந்த வார்த்தைகளிலேயே.

சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தான். முகச்சவரம் செய்து, சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான். அவ்வளவு அமைதியாக அவனைப் பார்த்து மாதங்களாகியிருந்தன. என் வைத்தியம் பலித்துவிட்டது என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

எதிர்வீட்டு ஸ்டாலின் வழக்கம்போலக் கறுப்புப் பாவாடை கட்டி, பழைய வருடத்தின் விதவையாக வேஷம் போட்டிருந்தான். “என்ன விட்டுட்டுப் போறியே ராசா” என்று பொம்மைமேல் விழுந்து ஒப்பாரி வைத்தான். ரோமுலோவும் சிரித்தான். பிறகு காகிதத்தைப் பிரித்தான்.

“வில்மர் மாமாவுக்கு என் டிரில் மெஷின். பிட்டெல்லாம் கட்டிலுக்கு அடியில நீலப் பெட்டில இருக்கு.”

“அந்த ஓட்டை மெஷின் யாருக்குடா வேணும்?” என்றார் என் கணவர் வில்மர். கைதட்டல்.

“ஸ்டாலினுக்கு டெல்ஃபினாவோட தையல் மெஷின். அவன் பொண்ணு கத்துக்கட்டும்.”

“முதல்ல எனக்கு ஒரு பாவாட தச்சுக்கறேன்” என்று ஸ்டாலின் இடுப்பை ஆட்டினான். தெருவே சிரித்தது.

“ஹெனோவேவா அக்காவுக்கு என் கிளி. வாழைக்காய வேகவச்சுத்தான் குடுக்கணும். பொழுது சாஞ்சதும் கூண்டுமேல துணி போட்ரு, இல்லன்னா பயந்துக்கும்.”

என் பெயர் வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. கேலிக்கு எழுதுகிறவன் கிளிக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று எதற்கு எழுதுகிறான்? அவன் வாசித்ததில் ஒரு வரிகூடக் கேலி இல்லை. தன் வீட்டை ஒவ்வொரு பொருளாகப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான், நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

வாசித்து முடிக்க விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

“மழுப்பாம சொல்லு. செத்துப் போயிடலாம்னு நெனைக்கிறியா?”

பைத்தியமா உனக்கு என்று என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் காகிதத்தை நாலாக மடித்தான்.

“இன்னைக்கு இல்லக்கா” என்றான், என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில். “ஜனவரி ஆறு, மூணு ராஜாக்கள் திருநாள் வரைக்கும் பண்டிகை இருக்கே. ஏழாம் தேதிதான். உங்க எல்லாருக்கும் எதுக்குக் கெடுக்கணும்?”

அவனை ஓங்கி அறையலாம் போல இருந்தது. அவன் காலில் விழலாம் போலவும் இருந்தது.

“கெடுடா. எல்லாத்தையும் கெடு. இப்பவே கெடு” என்றேன். எனக்குத்தான் முதலில் அழுகை வந்தது. பிறகு அவன் தரையில் உட்கார்ந்து, டெல்ஃபினா டெல்ஃபினா என்று சொல்லி அழ ஆரம்பித்தான். சாவு வீட்டில்கூட அவன் இப்படி அழவில்லை.

அவன் மணிக்கட்டை விடாமலே வில்மரைக் கூப்பிட்டு, டாக்டருக்குப் போன் போடச் சொன்னேன். இனி இவன் தனியாக அந்த வீட்டுக்குப் போகப்போவதில்லை என்றும் சொன்னேன். ஏழாம் தேதிக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது.