பழைய ஆண்டு பேருந்து ஏறியது

ஈக்வடோர் கடற்கரையிலுள்ள சான் தாதேயோவில், டிசம்பர் முப்பத்தொன்றாம் நாள் பிற்பகல், பழைய ஆண்டு எழுந்து நடந்துபோய்ப் பேருந்தில் ஏறியது. அன்று இறால் மலிவு.

ஆண்டு முடிவில் அவ்வூரார் துணியும் காகிதமும் திணித்துப் பெரிய பொம்மையொன்று செய்து, அதற்குப் பழைய ஆண்டு என்று பெயரிட்டுச் சதுக்கத்தில் எரிப்பார்கள். ஆண்கள் கறுப்புப் பாவாடை கட்டி, அதன் விதவைகளாக ஒப்பாரி வைப்பார்கள். அந்த ஆண்டு நகராட்சி மீன் அங்காடிக்குப் புதுவிளக்குகளை மாட்டி, கழற்றிய குழல்விளக்குகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. மாட்டுவதற்கு விழா எடுக்கத் தெரிந்தவர்களுக்கு, கழற்றியதை எங்கே சேர்ப்பது என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. பொம்மை செய்யும் ஃபௌஸ்தோ அவ்வளவையும் அதன் வயிற்றிலும் கைகால்களிலும் அடைத்தான். மீன் விற்கும் அவன் அக்காள் ஸோய்லாவின் ஜன்னல் சதுக்கத்தைப் பார்த்தது; அதனருகில்தான் அவளுடைய கைக்குழந்தையின் தூளி தொங்கியது.

"டேய், அதுக்குள்ள பாதரசம் இருக்கு. எரிச்சா அந்தப் புகை உன் மருமக மூக்குலதான் ஏறும்."

"வெடிச்சாத்தானேக்கா திருவிழா? சத்தமில்லாம எரிய இது என்ன அடுப்பா?" என்றான், விதவை வேடத்துக்கு உதட்டுச்சாயம் தீட்டிக்கொண்டிருந்த ஃபௌஸ்தோ. "போன வருசம் பட்டாசு நமத்துப்போயி அடுத்த தெருக்காரன் சிரிச்சானே, மறந்துட்டியா?"

ஊரும் அவன் பக்கமே நின்றது. குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஸோய்லா பொம்மையின் முன்னால் போய் நின்றாள்.

"நீங்களாவது கேளுங்க, பெரியவரே. போறதுதான் போறீங்க, எங்க பிள்ளைக்கு விஷத்தை வெச்சுட்டுப் போகாதீங்க."

பொம்மையின் மார்பில் ஒரு குழல் ஒளிர்ந்தது. பிறகு தோள்கள், முழங்கால்கள். சட்டைக்குள் வெள்ளை வெளிச்சம் நிறைய, உள்ளே ஒன்றும் உடைந்துவிடாதபடி அது மெல்ல எழுந்து பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தது.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? அவரைக் கட்டினவ நீதானே, கூடப் போ," என்றாள் ஸோய்லா.

மாகாணத் தலைநகரில் பழைய விளக்குகளைச் சேகரிக்கும் கூடத்தில், முகமூடி அணிந்த பெண்ணொருத்தி, "ஒண்ணும் உடையலையே?" என்று கேட்டாள். பழைய ஆண்டு தலையசைத்து மறுத்தது. அவள் குழல்களை ஒவ்வொன்றாக உருவி, காகிதம் சுற்றி, நீளப் பெட்டியில் அடுக்க அடுக்க, அது சுருங்கி வெறுந்துணியாயிற்று. ஃபௌஸ்தோ அதைத் தோளில் போட்டுக்கொண்டு உண்மையாகவே அழுதபடி ஊர் திரும்பினான். அன்றிரவு அது வெடிக்காமல், இளஞ்சிவப்பாக, நெடுநேரம் எரிந்தது. ஜன்னலில் குழந்தை கைகொட்டிச் சிரித்தது. அடுத்த தெருக்காரர்களும் பார்க்க வந்தார்கள்.

அதுமுதல் ஆண்டுதோறும் ஊரார் பழுதான விளக்குகளையெல்லாம் பழைய ஆண்டிடமே கொடுத்துவிடுகிறார்கள். ஓட்டுநர் அதற்கு முன்னிருக்கையை ஒதுக்கி வைக்கிறார். விதவை நின்றுகொண்டுதான் போக வேண்டியிருக்கிறது.