நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி

ஜெய்சன் வாத்தியார் ஒரு மிக்சி வாங்கவே மூன்று மாதம் எடுத்துக்கொள்கிற ஆள். மிஷன் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறார். அப்படிப்பட்டவருக்கு எலக்ட்ரிக் கார் ஆசை வந்தால் சும்மா விடுவாரா? இருபத்து மூன்று கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்து, அதே காரை எட்டு மாதமாக ஓட்டிக்கொண்டிருந்த பல் டாக்டர் சூர்யபிரகாஷுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் பத்துக்கு மார்க் போட வேண்டும். பக்கத்தில் காரணமும் எழுத வேண்டும்.

சூர்யபிரகாஷ் கோரிப்பாளையத்தில் கிளினிக் வைத்திருந்தான். ஒரு பல்லைப் பிடுங்கியதற்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் உட்கார்ந்து பதில் எழுதினான். தூரம்: கம்பெனி சொல்வது அறுநூறு, ஏசி போட்டு ஓட்டினால் நானூறு. ஏழு மார்க். நெடுஞ்சாலையில் சார்ஜ் ஏற்றுவது: இயந்திரம் வேலை செய்கிற நாளில் ஒன்பது, செய்யாத நாளில் பூஜ்யம். சத்தம்: கிடையவே கிடையாது. பத்து. அதோடு ஒரு வரி சேர்த்தான்: 'சிம்மக்கல்லில் நாம் பின்னால் வருவது யாருக்கும் கேட்காது. ஹாரன் அடித்தே கை சலித்துப்போகும்.'

பதினேழாவது கேள்வியில்தான் விரல் நின்றது. 'நாலு சக்கரமும் இழுக்கிற மாடல் மூன்று லட்சம் கூடுதல். முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார். மதுரையில் இது எதற்கு?'

இதே கேள்வியை அவன் மனைவி பவதாரிணி ஷோரூமிலேயே கேட்டிருந்தாள். "நாலு சக்கரமும் இழுத்து எங்க போகப் போறோம்? இமயமலைக்கா?"

அவளுக்குச் சொன்னதையே வாத்தியாருக்கும் எழுதினான்: 'எங்கள் ஊர்ப் பாதைக்கு.'

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. 'டாக்டர், மேப்பில் பார்த்தேன். பேரையூரிலிருந்து உங்கள் ஊர் வரைக்கும் தார் ரோடு காட்டுகிறதே?'

சூர்யபிரகாஷ் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னான்.

மேப் பொய் சொல்லவில்லை. தார் ரோடு இருந்தது. மெயின் ரோட்டில் பிரிந்து, மேலத்தெரு வழியாக வந்து, காலனியில் முடிகிறது. சூர்யபிரகாஷின் அப்பா சங்கிலி இளவட்டமாக இருந்த காலத்தில் காலனிக்காரர்கள் அந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது, சைக்கிளில் உட்கார்ந்து போகக்கூடாது. ஒரு நாள் சங்கிலி உட்கார்ந்து போனார். இறக்கிவிட்டு, சைக்கிளைத் தலையில் தூக்கிவைத்து நடக்கவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வழக்கம் எப்போது ஒழிந்தது என்று யாரும் தண்டோரா போடவில்லை. எப்போதோ ஒழிந்துவிட்டது. காலனிப் பிள்ளைகள் இப்போது அதே தெருவில் பைக்கில் பறக்கிறார்கள். சங்கிலி மட்டும் கண்மாய்க் கரையைச் சுற்றி, கரிசல் காட்டுப் பாதையில்தான் போவார், வருவார். நாற்பத்தைந்து வருடமாக.

மகனுக்கும் அதே வழிதான் பழகியது. பழைய சின்ன கார் ஒரு மழைக்காலத்தில் அந்தப் பாதையில் மாட்டிக்கொண்டபோது, பாதையை மாற்றலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. காரை மாற்றினான்.

இத்தனை செய்தும் அந்தக் காரில் ஏறாத ஒரே ஆள் அப்பாதான். சம்பந்தி வீட்டார் ஏறினார்கள், கிளினிக் நர்ஸ் நாகஜோதி ஏறினாள், சோதிடம் பார்த்தவர்கூட ஏறிவிட்டார். "பஸ்ல காத்தோட்டமா வாரேன்டா" என்று சங்கிலி தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். சூர்யபிரகாஷுக்கு அது உள்ளுக்குள் வலித்தது. தலையில் சைக்கிள் சுமந்த மனிதரை ஒரே ஒரு தடவை முன் சீட்டில் உட்காரவைத்து ஓட்ட வேண்டும். அதற்குத்தான் அவ்வளவு பெரிய வண்டி.

ஐப்பசியில் அந்தச் சந்தர்ப்பம் வந்தது. சங்கிலிக்கு இரண்டு கண்ணிலும் புரை. இரண்டு தடவை ஆபரேஷனுக்கு நாள் குறித்து இரண்டு தடவையும் டிமிக்கி கொடுத்துவிட்டார். மூன்றாவது தடவை ஐந்து மணிக்குள் மதுரை ஆஸ்பத்திரியில் சேர்ந்தாக வேண்டும். தவறினால் இனி தை மாதம்தான் என்று சொல்லிவிட்டார்கள். காரில் வரச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு.

"கம்மாக்கரை வழியா வா."

காலையில் ஊருக்குப் போகும்போது கரிசல் காய்ந்து கிடந்தது. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு மணி நேரம் மழை கொட்டித் தீர்த்தது. மூன்று மணிக்கு வெறித்ததும், அம்மா ஒச்சம்மாள் வேட்டி துண்டெல்லாம் வைத்த பையைப் பின் சீட்டில் போட்டாள். சங்கிலி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சூர்யபிரகாஷ் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டான். மனசு நிறைந்திருந்தது.

அந்த நிறைவு கால் கிலோமீட்டர் தூரம் நீடித்தது.

கரையிறக்கத்தில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. திரையில் 'சேறு' என்று ஒரு மோடு இருந்தது, அதைத் தட்டினான். முன் மோட்டார் முன் சக்கரங்களைச் சுற்றியது. பின் மோட்டார் பின் சக்கரங்களைச் சுற்றியது. வழுவழுப்பான ரோட்டு டயர்களில் கரிசல் ஆட்டுரல் மாவு மாதிரி அப்பிக்கொண்டது. நாலு சக்கரமும் ஒற்றுமையாகப் புதைந்தன.

"மிதிக்காத, மிதிக்காத," என்றார் சங்கிலி. "கரிசல்ல மழை பெஞ்சா மாடே நின்னுபோகும். இது என்ன செய்யும் பாவம்."

இறங்கினார். பக்கத்துக் காட்டில் அடுக்கியிருந்த சோளத்தட்டையில் இரண்டு கட்டு இழுத்து வந்து, குனிந்து தடவித் தடவி ஒவ்வொரு சக்கரத்துக்கும் பின்னால் செருகினார். கண் தெரியாத மனிதர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். "இப்ப பின்னால எடு, பதறாம," என்றார். வண்டி முனகிக்கொண்டே மேலேறி, காலனிக்கே திரும்பி வந்து நின்றது. மணி மூன்று நாற்பது.

"நீ மேலத்தெரு வழியா வண்டியக் கொண்டு போ," என்றார் சங்கிலி. "நான் வரப்புல குறுக்க விழுந்து வந்து மெயின் ரோட்டுல ஏறிக்கிறேன்."

ஒச்சம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆமா, கண்ணு தெரியாத ஆளு ஈர வரப்புல நடக்கப் போறாரு. மகன் ஏரோப்ளேன் மாதிரி கார் வாங்கி வச்சிருக்கான், இவரு இன்னும் அந்தச் சைக்கிள விட்டு இறங்கல."

அம்மா சொன்னது அப்பாவுக்கு மட்டுமில்லை என்று சூர்யபிரகாஷுக்கு உறைத்தது. பைக்கில் பறக்கிற பிள்ளைகள் வயதில் அவனும் அந்தத் தெருவில் போனதில்லை. அப்பாவுக்காக என்று சொல்லிக்கொண்டான். பயமும் இருந்தது.

"ஏறுங்கப்பா," என்றான். "ஏறலைன்னா நானும் போகல. ஆபரேசனும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

சங்கிலி ஏறினார். இந்தத் தடவை பெல்ட்டைத் தானே மாட்டினார்.

மேலத்தெரு மொத்தமே முந்நூறு மீட்டர். இரண்டு பக்கமும் வீடுகள், ஒரு பலசரக்குக் கடை, ஒரு தண்ணீர்த் தொட்டி. கார் சத்தமில்லாமல் ஊர்ந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, வருவது தெரிந்தால்தானே பார்ப்பார்கள். கடைக்கு முன்னால் நடு ரோட்டில், முதுகைக் காட்டிக்கொண்டு விருமாண்டி நின்றார். சங்கிலி வயதுதான் அவருக்கும். போனில் யாரோடோ உர விலை பேசிக்கொண்டிருந்தார். ஐந்தடி பின்னால் கார் நின்றது. அவருக்குத் தெரியாது.

சூர்யபிரகாஷின் கை ஹாரனுக்குப் போனது.

"ஆரன் அடிக்காத," என்றார் சங்கிலி, அடிக்குரலில். "பேசி முடிக்கட்டும்."

"யாருப்பா அது?"

"அன்னைக்கு எறக்கிவிட்டவன்."

நின்றார்கள். விருமாண்டி ஒரு மூட்டை விலையை மூன்று தடவை கேட்டார். பழைய காராக இருந்தால் எஞ்சின் சத்தமாவது அவரைத் திரும்பவைத்திருக்கும். இந்த வண்டிக்குக் குரலே கிடையாது. சத்தத்துக்குப் பத்து மார்க் போட்டது சூர்யபிரகாஷுக்கு நினைவு வந்தது. ஆத்திரமாக வந்தது, அப்பா மேலா தன் மேலா என்று தெரியவில்லை.

"மணி என்னடா?" என்றார் சங்கிலி.

"மூணே முக்கால் தாண்டிருச்சு."

சங்கிலி கொஞ்ச நேரம் முன் கண்ணாடியையே பார்த்திருந்தார். அவர் கண்ணுக்கு அங்கே ஒரு வெள்ளைச் சட்டை மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். பிறகு இடது பக்கத்திலிருந்து சாய்ந்து கையை நீட்டி, ஸ்டியரிங்கின் நடுவில் வைத்து அமுக்கினார். எடுக்கவே இல்லை. தெரு முழுக்கக் கேட்டது.

விருமாண்டி துள்ளி ஓரத்துக்குப் போனார். குனிந்து உள்ளே பார்த்தார். சூர்யபிரகாஷ் கண்ணாடியை இறக்கினான்.

"யாரு, சங்கிலியா? என்னப்பா இது, பூனை மாதிரி வந்து நிக்குது! கரண்டு வண்டியா?"

"ஆமா."

"எம்புட்டு ஓடும்?"

"நானூறு," என்றார் சங்கிலி.

"அம்புட்டா!" என்றார் விருமாண்டி. "சரி சரி, போங்க," என்று மறுபடி போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். மெயின் ரோடு வந்துவிட்டது.

கல்லுப்பட்டி தாண்டியது. "அவனுக்கு அது ஞாபகமே இல்லடா," என்றார் சங்கிலி. குரலில் நிம்மதி இல்லை. சந்தையில் ஏமாந்து வந்தவரின் எரிச்சல்தான் இருந்தது. "இம்புட்டுத்தானா? இதுக்கா நான் நாப்பத்தஞ்சு வருசம் சுத்துனேன்?"

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புரையால் வடிகிற நீர் என்று இரண்டு பேரும் வைத்துக்கொண்டார்கள்.

திருமங்கலம் நெருங்கும்போது போன் அடித்தது. ஜெய்சன் வாத்தியார். குரல் கார் முழுக்கக் கேட்டது.

"டாக்டர், நாளைக்கு புக் பண்ணப் போறேன். அந்தப் பதினேழாவதுக்கு மட்டும் நீங்க மார்க் போடல. நாலு சக்கரமும் இழுக்கிறது வேணுமா, வேண்டாமா?"

"வேண்டாம் சார். ரெண்டு சக்கரமே போதும்."

"நீங்க உங்க ஊர்ப் பாதைக்குன்னுதானே வாங்குனீங்க?"

சூர்யபிரகாஷ் பக்கத்தில் பார்த்தான். அப்பா சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் கிடந்த கைகளில் கரிசல் காய்ந்து வெடித்திருந்தது.

"எங்க ஊருக்குத் தார் ரோடு இருக்கு சார்," என்றான்.