எந்த மாமா?

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. வாய் அப்படியொன்றும் நீளமில்லை. எதைப் பார்த்தாலும் அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியாது, அவ்வளவுதான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மடியில் சேவல் இருந்தால், அது சண்டைக்கா குழம்புக்கா என்று தெரிந்துகொள்ளாமல் நான் இறங்கியதில்லை. என் வீட்டுக்காரர் இதை வம்பு என்பார். இருக்கட்டும்.

இந்தக் குணம் தெரியாமல்தான் இரண்டாயிரத்து மூன்றில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்னை ஆரணி கொசப்பாளையம் சிறுவர் மன்றத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டில் ஆளில்லாத பிள்ளைகள் அங்கே வந்துவிடும். அப்பா அம்மா தறியிலிருந்தோ மில்லிலிருந்தோ வந்து கூட்டிக்கொண்டு போகிறவரை விளையாடலாம், வீட்டுப்பாடம் எழுதலாம். முன்பு பவர்லூம் ஓடிய கொட்டகை அது. மெஷின்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், தரையில் போல்ட் குழிகள் மட்டும் மிச்சம். பிள்ளைகள் அதில் கோலி ஆடினார்கள். நான் டீச்சர் இல்லை; காலையில் எஸ்டிடி பூத்தில் உட்கார்கிறவள். ஆனாலும் தெய்வநாயகி என்ற என் பெயர் அங்கே போன முதல் நாளே 'டீச்சர்' ஆகிவிட்டது.

எனக்கு முன்னாலிருந்தே மன்றத்தைப் பார்த்துக்கொண்டவன் ஜெயக்குமார். கேரம் நன்றாக ஆடுவான், பிள்ளைகள் அவன் சொன்னால் கேட்கும். சுவரில் சிவப்புப் பெயிண்டில் அவன் கையாலேயே எழுதியிருந்தான்: 'தெரிந்தவர்களோடு மட்டுமே பிள்ளைகளை அனுப்புவோம்.' படித்ததும் எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. யாருக்குத் தெரிந்தவர் என்று அன்றைக்கு எனக்கே கேட்கத் தோன்றவில்லை.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் அன்புச்செல்வியைக் காணோம். மூன்றாம் வகுப்புப் படிக்கிறவள். முள்ளிப்பட்டிலிருந்து வருகிறாள். அப்பா தருமன் ஆரணியில் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். வேலை முடிந்ததும் சைக்கிளில் வந்து மகளைக் கூட்டிப்போவார். மில்லில் அப்போது நெல் வந்து குவிகிற சமயம், அவர் வருவதற்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"அன்பு எங்கடா?" என்று ஜெயக்குமாரைக் கேட்டேன்.

"அவங்க மாமா வந்து கூட்டிகினு போயிட்டாரு டீச்சர்."

"எந்த மாமா?"

ஜெயக்குமார் என்னை விநோதமாகப் பார்த்தான். "மாமான்னா மாமாதான். டிவிஎஸ் வண்டியில வருவாரு. ரொம்பத் தன்மையான ஆளு. அவங்க அப்பா லேட்டா வர்ற நாள்ல எல்லாம் அவருதான் வந்து கூட்டிகினு போறாரு."

"பேரு இன்னா?"

"பேரெல்லாம் எப்படி டீச்சர் கேக்கறது? குடும்பத்து ஆளு. கேட்டா நல்லா இருக்குமா?"

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் ஊரில் பார்க்கிற ஆம்பிளை எல்லாம் பிள்ளைகளுக்கு மாமாதான். டீக்கடைக்காரர் மாமா, கண்டக்டர் மாமா, ஊசி போடுகிற டாக்டர் மாமா. சோறு தின்னாத பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போகிற போலீஸ்காரரும் மாமா. அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் போதும், மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்பதில்லை. எனக்கோ கேட்காமல் தூக்கம் வராது.

இருட்டுகிற நேரத்தில் தருமன் வந்தார், தலையெல்லாம் தவிடு. மாமா கூட்டிப்போய்விட்டார் என்றதும், "சரிங்க" என்று சைக்கிளைத் திருப்பினார். நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த மாமா யாருங்க?"

"அவ அம்மா வகையில யாராவது இருப்பாங்க டீச்சர்."

"இருப்பாங்களா, இருக்காங்களா?"

அவர் சிரித்துவிட்டுப் போனார். இந்தப் பொம்பளையிடம் மாட்டிக்கொண்டால் பேஜார்தான் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் அன்புச்செல்வியைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலை பின்னிவிட்டுக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தேன். டிவிஎஸ் மாமா பேர் என்ன பாப்பா?

"பெரியவங்க பேரைச் சொல்லக் கூடாது டீச்சர்."

"சொல்ல வேணாம். தெரியுமா?"

"தெரியாது. ஒரு தபா கேட்டேன். மாமா பேரைக் கேட்டா சாமி கண்ணைக் குத்தும்னு சொன்னாரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பன் பட்டர் ஜாம் வாங்கித் தருவாரு. அம்மாகிட்ட சொன்னா திட்டுவாங்க, சொல்லாதன்னாரு. சனிக்கிழமை வேலூருக்குக் கூட்டிகினு போயி கோட்டையைக் காட்டறேன்னு சொல்லியிருக்காரு. அதையும் சொல்லக் கூடாது." ஒரு நிமிஷம் யோசித்தாள். "இப்ப சொல்லிட்டேன்."

எனக்குப் பயம் வந்துவிட்டது. அதுவரை இருந்ததெல்லாம் வேடிக்கையாகத் தெரிந்துகொள்ளும் ஆசை, இது வேறு. சொன்னது நல்லதுதான் கண்ணு, சாமி கண்ணைக் குத்தாது என்றேன். அன்று சாயங்காலம் அந்த ஆள் வரவில்லை. தருமன் வரும்வரை அவளை என் பக்கத்தைவிட்டு நகர விடவில்லை.

அவள் சொன்னதையெல்லாம் சொன்னதும் தருமன் முகம் செத்துவிட்டது. "என் சம்சாரம் ஒத்தைப் பொண்ணுங்க. பெரியப்பா, சித்தப்பா புள்ளைங்க யாராவதுன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார். சைக்கிள் கேரியரில் இருந்த மகளை இறக்கி முன்பக்கம் பாரில் உட்கார வைத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காலை பூத்துக்கு லீவு சொல்லிவிட்டு முள்ளிப்பட்டுக்குப் பஸ் ஏறினேன். அன்புச்செல்வியின் அம்மா சின்னபொண்ணு அங்கே ஒரு வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்கிறாள். தறியோரமாக மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அன்று அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. என்னைப் பார்த்ததும் சின்னபொண்ணு கையிலிருந்த தறி நாடாவைப் பாவு நூலின் மேல் வைத்தாள்.

"ராத்திரி அவரு சொன்னதுலர்ந்து தூக்கமே இல்ல டீச்சர். அவரு கூட மில்லுல வேலை செய்யற ஆளுன்னு நான் நெனச்சேன். மாமா கொண்டாந்து ரோட்டு முனையில விட்டாருன்னு பாப்பா சொல்லுவா. சரி, அவருதான் அனுப்பியிருப்பாருன்னு..."

"வீட்டுல ரெண்டு பேரும் பேசிக்கலயா?"

"பேசினோமே. பாப்பா வந்துட்டாளான்னு அவரு கேப்பாரு. வந்துட்டா, மாமா வந்து வுட்டாருன்னு நான் சொல்லுவேன். சரின்னுவாரு." அவள் கண் நிறைந்துவிட்டது. "ரெண்டு பேரும் மாமான்னுதான் சொன்னோம். யாருன்னு ரெண்டு பேருமே கேக்கல."

புருஷன் காதில் அது பெண்டாட்டி வீட்டு ஆளாக விழுந்தது, பெண்டாட்டி காதில் மில் ஆளாக விழுந்தது, ஜெயக்குமார் காதில் குடும்பத்து ஆளாக விழுந்தது. ஒரே சொல். அதை நம்பி ஒரு குழந்தையை வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறோம். போலீசுக்குப் போகலாமா என்று கேட்டேன். "போயி இன்னான்னு சொல்றது? பேரு கேப்பாங்க. மாமான்னா சொல்றது?" என்றாள். சனிக்கிழமை அவன் வருவதாகச் சொல்லியிருக்கிறான், வரட்டும் என்று முடிவு செய்தோம்.

சனிக்கிழமை பிள்ளைகளை எல்லாம் உள்ளே விட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டோம். அன்புச்செல்வி உள்ளே கோலி ஆடிக்கொண்டிருந்தாள். ஜெயக்குமார் கதவை ஒட்டி நின்றான். அவனுக்கு அந்த முகம் தெரியும் என்பதால் கண்ணைக் காட்டுவது அவன் வேலை. தருமன் எதிர்ச்சாரி டீக்கடையில், தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சின்னபொண்ணுவும் நானும் கேட்டில் நின்றோம். ஆள் வந்தால் வரட்டும், வராவிட்டாலும் இனிமேல் பெயர் தெரியாமல் எந்தப் பிள்ளையையும் அனுப்புவதில்லை என்று நான் தீர்மானித்திருந்தேன். அதை அவளிடமே தொடங்கினேன், காத்திருக்கிற நேரம் போக வேண்டுமே.

"இனிமே பாப்பாவை யாரு கூட்டிகினு போவாங்க?"

"அவ அப்பாதான்."

"பேரு?"

அவள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "உங்களுக்குத்தான் தெரியுமே."

"தெரியும். உங்க வாயால சொல்லணும்."

"ஐயோ டீச்சர்." டீக்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள். "அஞ்சு பேர்ல மூத்தவரு."

வருஷா வருஷம் பாரதக் கூத்து பார்க்கிறவர்கள் நாங்கள். பாண்டவரில் மூத்தவர் யார் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. "யாரு, சூதாடினாரே, அவரா?" என்றேன். இரண்டு நாளில் அப்போதுதான் அவள் சிரித்தாள். என் வீட்டுக்காரர் பெயரைப் பேங்கில் கேட்டால் நானும் எழுதித்தான் காட்டுவேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

அவள் சிரித்து முடிப்பதற்குள் டிவிஎஸ் வந்து நின்றது. ஜெயக்குமார் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தான்.

முப்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் சந்தனம். பார்த்தால் உட்காரச் சொல்லிக் காபி கொடுக்கத் தோன்றும். இவனை எதற்காகச் சந்தேகப்படுகிறோம் என்று ஒரு கணம் எனக்கே சங்கடமாகிவிட்டது.

"அன்புவை அனுப்புங்க டீச்சர். ஜல்தியா கெளம்பணும், பஸ்ஸுக்கு டைம் ஆவுது."

"நீங்க பாப்பாவுக்கு இன்னா வேணும்?"

"மாமா."

"எந்த வகையில மாமா?"

அவன் முகத்தில் லேசாக எரிச்சல் தெரிந்தது. "அவ அம்மா கூடப்பொறந்த தம்பிங்க நான்."

சின்னபொண்ணு அவன் வண்டிக்கு ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள்தான் கேட்டாள், சாதாரணக் குரலில்.

"அந்த அம்மா பேரு இன்னாங்க?"

"அக்கா பேரை எப்படிம்மா சொல்றது? மரியாதைன்னு ஒண்ணு இல்ல?"

கெட்டிக்காரன். எங்கள் வழக்கம் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. எதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் நாங்கள் மேற்கொண்டு கேட்க மாட்டோம் என்று தெரிந்து வைத்திருந்தான். சின்னபொண்ணு வண்டியின் கேரியரை இரண்டு கையாலும் பிடித்தாள். தெருப் பக்கம் திரும்பினாள்.

"தருமா!"

அந்தக் குரல் தெரு முழுக்கக் கேட்டது. டீக்கடையில் எல்லோரும் திரும்பினார்கள். தருமன் மட்டும் டம்ளரைப் பிடித்தபடி எதிரே இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தருமா! ஓடியா!"

அவன் வண்டியைக் கிளப்பிவிட்டான். அவள் பிடியை விடவில்லை. முழங்கால் தேய நாலடி இழுபட்டுப் போனாள். அதற்குள் தருமன் வந்துவிட்டார், டீக்கடையும் கூடவே வந்துவிட்டது. வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். ஜெயக்குமார் அவனை அடித்த அடியில் தன் கேரம் விரலையே சுளுக்கிக்கொண்டான். ஒரு மாதம் ஸ்ட்ரைக்கரைச் சுண்ட முடியாமல் திரிந்தான்.

ஸ்டேஷனில் கேட்டதும் பெயரைச் சொன்னான். கேட்கிறவர் கேட்டால் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. வேறொரு ஊரிலும் ஒரு குழந்தைக்கு இப்படி மாமாவாக இருந்தவன் என்று பிறகு தெரிந்தது. அந்தக் குழந்தையைப் பற்றி அங்கே சொன்னார்கள். கேள்வி கேட்கவே பிறந்த நான் அன்றைக்கு எதையும் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஜெயக்குமார் வீங்கிய விரலோடு பிரஷ்ஷைப் பிடித்து, சுவரில் 'தெரிந்தவர்களோடு' என்பதற்கு முன்னால் 'பெயர்' என்று சேர்த்தான். ஊரில் சிலருக்குக் கோபம். பெரியவங்க பேரைச் சொல்லப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறாள் என்று வீடு வரை வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வந்தீங்களே, உங்க பேரு இன்னாங்க?" என்றாராம்.

அன்று சாயங்காலம் தருமன் சைக்கிளோடு கேட்டில் நின்றார். "யாரு வந்திருக்காங்க பாப்பா?" என்றேன்.

"அப்பா."

"எந்த அப்பா?"

அன்புச்செல்வி என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு, "தருமன்" என்றாள்.

"முதல் தபா கூப்பிட்டப்ப ஏங்க திரும்பல?" என்று தருமனைக் கேட்டேன். சனிக்கிழமையிலிருந்து என்னைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி அது.

அவர் மகளைத் தூக்கி பாரில் உட்கார வைத்தார். "எங்க அம்மா செத்தப்புறம் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லைங்க. அவங்கதான் கூப்பிடறாங்கன்னு நெனச்சிகினேன்."

"இப்ப வீட்டுல பேரு சொல்லித்தான் கூப்பிடறாங்களா?"

"எங்கங்க! மறுபடியும் அஞ்சு பேர்ல மூத்தவருதான்." சிரித்துக்கொண்டே பெடலில் கால் வைத்தார். "இன்னொரு தபா கூப்பிடேன், கேக்க நல்லா இருந்துச்சுன்னேன். பாப்பாவுக்கு ஒண்ணுன்னா கூப்பிடறேன், சும்மாவெல்லாம் முடியாதுன்னுட்டா."